வலது பக்கத்து சீட்

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா பையனுக்கு நாற்பது வயசு தாண்டியதும் ஓர் ஆசை வந்தது. இரண்டே சீட், கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம், முடி பறக்க ஓட்டலாம். முடி அவனுக்கு அவ்வளவாகக் கிடையாது. இருந்தாலும் வாங்கிவிட்டான். இருபத்தைந்து வருஷத்துப் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். "புதுசுன்னா ஓட்டத்தான் முடியும் மாமா, பழசுன்னா கழட்டலாம்" என்றான். இதில் அவன் மனைவிக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதினால் அடுத்த தடவை எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

போன வருஷம் போயிருந்தபோது என்னை அதில் உட்கார வைத்தான். உட்கார்ந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளே விழுந்தேன். தரைக்கும் நமக்கும் நடுவே ஒரு சாண்தான். பெல்ட்டை இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது.

"மெதுவா இழுங்க மாமா. வெடுக்குனு இழுத்தா கோவிச்சுக்கும்."

மெதுவாக இழுத்தேன். வந்தது. பக்கிளில் செருகினால் 'க்ளிக்' கேட்கவில்லை. மூன்றாவது தடவை லேசாகக் கேட்ட மாதிரி இருந்தது.

"எப்பவுமே இப்படித்தானாடா?"

"அந்தப் பக்கம் அடிக்கடி யாரும் உட்கார்றதில்லையே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அந்தப் பதில் அன்று முழுக்க என்னை என்னவோ செய்தது.

சனிக்கிழமை காலை சாமான்களைப் பரப்பிக்கொண்டு ரிப்பேரில் உட்கார்ந்தான். நான் வேடிக்கை. பாதியில் நின்றது பெல்ட்டின் தப்பில்லை என்று தெரிந்தது. சுருட்டும் டப்பாவுக்குள் ஒரு சின்ன குண்டு இருக்கிறது. கார் திடீரென்று நின்றாலோ அதிகம் சாய்ந்தாலோ அது உருண்டு பல்சக்கரத்தைப் பூட்டிவிடும். வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டும். கார் வாசல் சரிவில் நின்றிருந்தது, நான் அவசரப்பட்டேன், அவ்வளவுதான்.

டிரைவர் பக்கத்து பெல்ட்டுக்கு வேறு வியாதி. திரும்பிச் சுருண்டு போகாமல் தொங்கும், கதவில் மாட்டிக்கொள்ளும். காரணம் பெரும்பாலும் அழுக்கு. நாடா முழுவதையும் வெளியே இழுத்து, ஓடிவிடாமல் கிளிப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்துத் துடைத்தான். அது நுழைந்து வரும் வளையத்தில் பிசுக்கு கட்டியிருந்தது, அதையும் சுரண்டினான். ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் கிளிப்பை எடுத்தால் சர்ரென்று உள்ளே ஓடியது. ஆனால் கதவில் மாட்டி மாட்டி ஓரத்தில் பிசிறு தட்டியிருந்தது. அது துடைத்தால் போகிற விஷயமில்லை.

வலது பக்கத்து பக்கிளுக்கும் வைத்தியமில்லை, உள்ளே கொக்கி தேய்ந்திருந்தது. புது செட் நானூறு டாலருக்கு மேல். ஜங்க் யார்டில் நாற்பது டாலர். நம்ம புதுப்பேட்டைதான், கொஞ்சம் வெயிலும் இடமும் ஜாஸ்தி. போய் இதே மாடலில் பெல்ட், பக்கிள் எல்லாம் கழற்றிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் விரித்துப் பார்த்தபோது நாடாவில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று, இஸ்திரி அதிகமாகி உருகின பாலியெஸ்டர் சட்டை மாதிரி இருந்தது. இருவரும் பார்த்தோம். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காயலான் கடைக்குக் கார்கள் எப்படி வருகின்றன? கிழடு தட்டி வருபவை பாதி. மோதி வருபவை மீதி. மோதலின்போது பெல்ட் கொஞ்சம் நீண்டு கொடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றுகிறது. நீண்டது பழையபடி ஆகாது. எனவே கடும் விபத்தைப் பார்த்த பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். ஆனால் அதைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். செருகினால் க்ளிக் என்கும். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், பிரேக் தேய்ந்தால் சத்தம் போடும். பெல்ட் மட்டும் கெட்டதை ஒரே ஒரு தடவை, ஒரு நொடிக்குள் சொல்லும். அதற்கப்புறம் மாற்றிப் பிரயோஜனமில்லை.

"ஒண்ணும் ஆகாது மாமா" என்றான். குரலில் பலம் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது அவனுக்கு ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றிச் சொன்னேன். (வயசான மாமாக்கள் இப்படித்தான் விருந்தைக் கெடுப்பார்கள்.) 1859-ல் வந்த 'ஆன் லிபர்ட்டி'யில் ஒரு பாலம் வருகிறது. உடையப்போகிற பாலத்தில் ஒருவன் காலை வைக்கப்போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் அவனைப் பிடித்து இழுத்து நிறுத்தலாம், அதில் அவன் சுதந்திரம் பறிபோவதில்லை, ஏனென்றால் ஆற்றில் விழுவது அவன் விருப்பமில்லை. விழலாம், விழாமலும் போகலாம் என்ற ஆபத்து மட்டும்தான் என்றால் எச்சரித்தால் போதும், போவதும் போகாததும் அவன் இஷ்டம் என்கிறார் மில். சரியாக நூறு வருஷம் கழித்து, 1959-ல், வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டைக் காரில் கொண்டுவந்தார். அதற்கு முன் விமானத்திலிருந்து ஆளை வெளியே தூக்கி எறியும் சீட்டுக்களைச் செய்துகொண்டிருந்தவர். காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் உபயோகிக்கத் திறந்துவிட்டார்கள். இருந்தும் போட்டுக்கொள்ள நமக்கு மனசில்லை. 1974 மாடல் அமெரிக்கக் கார்களில் பெல்ட் போடாவிட்டால் வண்டியே கிளம்பாது. ஜனங்கள் கொதித்தார்கள். அதே வருஷம் அமெரிக்க காங்கிரஸ் அந்த விதியை நீக்கியது. நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் இன்றும் பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை. என் உயிர், என் இஷ்டம்.

"கரெக்ட்தானே மாமா, என் ரிஸ்க்."

"ஒரு சீட்டுதான் இருந்தா கரெக்ட். வலது பக்கம் வந்து உட்கார்ற ஆளுக்குப் பாலம் ஆடுதுன்னு தெரியாதே. க்ளிக் கேட்டா நல்ல பெல்ட்டுன்னு நினைச்சுக்கிறான். அந்தச் சத்தத்தையே நீதான் மாட்டியிருக்கே."

அவன் மனைவி தட்டிலிருந்து நிமிராமல் கேட்டாள்: "உன் ரிஸ்க்குன்னு ஒண்ணு தனியா எங்க இருக்கு?" எட்டு வயசுப் பெண் அப்போது பக்கத்து அறையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தது. மில்லிடம் இதற்குப் பதில் இருக்கிறதா என்று யோசித்தேன். கொஞ்சம் இருக்கிறது, போதவில்லை. பெல்ட் நழுவின உடம்பு பக்கத்து சீட்டுக்காரர் மேலேயே போய் மோதும் என்பதையும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

நம்மூர் மட்டும் என்ன உசத்தி? பெல்ட் போடச்சொல்லி பீப் பீப் என்று கத்துவதை அடக்க, பெல்ட்டுக்குப் பதில் பக்கிளில் செருகும் வெறும் உலோக நாக்கை விற்றார்கள். பாட்டில் ஓப்பனர், சிகரெட் லைட்டர் உருவத்திலெல்லாம் கிடைத்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து 13,118 பட்டியல்களை நீக்கவைத்தது. பெல்ட் போடாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய். அதற்குப் பயந்து போலீஸ்காரரைப் பார்த்ததும் பெல்ட்டை அங்கவஸ்திரம் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போகிற டிரைவர் பக்கத்தில் நானே உட்கார்ந்து போயிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நமக்கெதுக்கு வம்பு.

மறுநாள் அவன் வலது பக்கத்துக்குப் புது செட் ஆர்டர் செய்தான். யார்டு பெல்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பெரிய கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்தான். லேசில் வெட்டுப்படவில்லை. ஒரு ஜாண் துண்டுகளாக நறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

"திருப்பிக் குடுத்தா பாதிப் பணமாவது வந்திருக்குமேடா" என்றேன். மில்லைப் பேசின அதே வாய்தான்.

"திருப்பிக் குடுத்தா மறுபடி விக்க வெச்சுருவான் மாமா" என்றான்.

பிசிறு தட்டின டிரைவர் பக்கத்து பெல்ட்டை மாற்றினானா என்று போன வாரம் போனில் கேட்டேன். "பார்த்துட்டிருக்கேன்" என்றான். பின்னால் அவன் மனைவி ஏதோ சொன்னது சரியாகக் கேட்கவில்லை.