பொன்னம்பலமேட்டில் ஒரு கை

1986 ஜனவரி 14. சபரிமலையில், பாண்டித்தாவளத்தில் ஒரு பாறை விளிம்பில், முன்னால் நின்ற சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றேன். கன்னிச்சாமி. வயது இருபத்துமூன்று. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பந்தளத்திலிருந்து வந்த திருவாபரணப் பெட்டி சன்னிதானத்துக்குள் போய்விட்டது என்பதைச் சரண கோஷம் கூடியதிலிருந்து தெரிந்துகொண்டோம். கொஞ்ச நேரத்தில் எதிர் மலையான பொன்னம்பலமேட்டில் ஒரு வெளிச்சம். எழுந்தது, அடங்கியது. மறுபடியும். மூன்றாவது தடவையும். பக்கத்தில் நின்ற பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

அழுத கண்ணே இன்னொன்றையும் பார்த்துவிட்டது. வெளிச்சத்துக்கு மேலே மலையின் விளிம்பு தெரிந்தது. அப்படியானால் அது வானத்தில் இல்லை, மலையின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருந்தது. காற்றுக்கு அசைந்தது. அடங்குகிறபோது சிவந்தது. தெருவிளக்கு எரிந்தால் மற்றவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் இருப்பவன் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பான். அந்தப் பழக்கம் ஒன்பது மாதத்திலேயே ஒட்டிக்கொண்டது.

திரும்புகிற வழியில் வண்டிப்பெரியாறு டீக்கடையில் எங்கள் குழுவின் குருசாமியிடம் நான் பார்த்ததை மெதுவாகச் சொன்னேன். அவர் கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஒரு கிராம் கூடக் குறையாமல் நிறுப்பார். டீயை ஆற்றிக்கொண்டே, "கரண்டு கம்பத்துல ஏறுற கண்ணை மாலை கழட்டுறவரைக்கும் கீழ எறக்கி வைங்க சாமி" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. ஆனால் அவர் "அது தப்பு" என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

அவருக்கும் தெரிந்திருக்கும். எண்பதுகளிலேயே கேரளத்துப் பகுத்தறிவாளர்கள் பொன்னம்பலமேட்டுக்கே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, ஏற்றுவது மனிதர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008இல் சபரிமலைத் தந்திரி கண்டரரு மகேஸ்வரரு பொறுமையாகப் பிரித்துச் சொன்னார்: மகரஜோதி என்பது வானத்தில் தோன்றும் நட்சத்திரம், மகரவிளக்கு என்பது மேட்டில் மனிதர் ஏற்றும் தீபாராதனை. நட்சத்திரத்தைச் சிரியஸ் என்கிறார்கள். தை பிறக்கிற அந்த அந்தி நேரத்தில் கிழக்குப் பக்கம் ஏறி நிற்கிற, இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் அதுதான். நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, நட்சத்திரத்தின் பேரை விளக்குக்கு வைத்துவிட்டோம். அந்த மலைகளில் காலங்காலமாக வாழும் மலை அரையர்களோ, அங்கே விளக்கேற்றி வந்தது தங்கள் முன்னோர் என்றும், அந்த உரிமை தங்களிடமிருந்து போய்விட்டது என்றும் சொல்கிறார்கள். அந்த உரிமைக் குரலைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் பேச்சே கிடையாது.

அப்படியென்றால் நான் அழுதது எதற்கு? இந்தக் கேள்வியோடு வருஷா வருஷம் மலைக்குப் போனேன். பதினெட்டாம் வருஷம் தென்னங்கன்று கொண்டுபோய்க் குருசாமியும் ஆகிவிட்டேன். கேள்வியும் கூடவே வந்தது.

அந்தக் கேள்விக்கு வழி காட்டிய, லடாக்கில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2012-13இல் பாங்காங் ஏரிப் பக்கம் காவல் இருந்த நம் ராணுவத்தினர், சீன எல்லைக்கு மேலே இரவில் மஞ்சள் வெளிச்சங்கள் நகர்வதைப் பார்த்தார்கள். உளவு விமானமோ என்று சந்தேகித்து, நூற்றுக்கணக்கான தடவை நேரம் போட்டுக் குறித்து வைத்தார்கள். கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டபோது, அவர்கள் குறிப்பையும் வானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்று வியாழன், மற்றது வெள்ளி என்றார்கள். வாராவாரம் நவக்கிரகச் சன்னதியில் சுற்றி வந்து கும்பிடுகிற குருவும் சுக்கிரனும்! படித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் தோன்றியது: விளக்கம் கிடைத்த மறுநாள் குருபகவானுக்கு யாரும் கொண்டைக்கடலை மாலை போடாமல் விட்டுவிடவில்லையே.

"சொல்லிவிட்டால் பக்தி போய்விடும்" என்கிற கட்சியும், "சொல்லியாச்சே, இன்னும் ஏன் கும்பிடுகிறாய்" என்கிற கட்சியும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சாமி இருட்டில்தான் இருக்கும், லைட்டைப் போட்டால் ஓடிவிடும் என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் அந்தி விளக்கை என் மனைவி ஏற்றுகிறாள். தீப்பெட்டி நமத்துப்போனால் நாலு குச்சி வீணாகும். அதற்காக அது சாமி விளக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

2014இல் திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்துக்குப் போனேன். பருவதராஜகுலத்தார் செப்புக் கொப்பரையைத் தோளில் தூக்கி 2,668 அடி உயர மலைமேல் ஏற்றியதைக் கீழேயிருந்து கண்ணால் பார்த்தேன். அதில் 3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வந்த அந்தக் கணத்தில் மேலே தீபம் எரிந்தது. யார் தூக்கினார்கள், யார் திரி போட்டார்கள், எத்தனை கிலோ நெய் என்று அத்தனையும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் லட்சக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் தலைக்குமேல் போயின. என் கையும் போனது. 1986இல் வந்த அதே அழுகை வந்தது.

அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. 11 கேவி லைனில் வேலை என்றால் முதலில் லைன் கிளியர் வாங்குவோம். எங்கோ சப் ஸ்டேஷனில் ஓர் ஆள் சுவிட்சை இறக்கி, "ஆள் வேலை செய்கிறார்" என்று போர்டு மாட்டிவிட்டுச் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கம்பியைத் தொடுவேன். முப்பத்தாறு வருஷம் அப்படித்தான் தொட்டேன். முகம் தெரியாத ஒரு கை என் உயிரை வைத்திருந்தது. நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு பேர் உண்டு. ரிஜிஸ்தரில் நேரம் போட்டுக் கையெழுத்தும் உண்டு.

மேட்டில் விளக்கேற்றுகிற கைக்கு அந்தப் பேரும் கையெழுத்தும் இல்லை. இல்லாததன் விலையையும் பார்த்தோம். 1999 மகரவிளக்கு அன்று பம்பையில் ஜோதி பார்க்கக் கூடிய இடத்தில் மண் சரிந்து, நெரிசலில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் நூறு பேருக்கு மேல். ஜோதி தெரியும் என்பதற்காகவே அந்தப் புல்வெளியில் அவ்வளவு கூட்டம். மூன்று தடவை எரிந்து அடங்கியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருட்டுக் காட்டுவழியில் திரும்பினார்கள். எங்கள் குழு வழக்கமாகப் போகிற வழி அது. அந்த வருஷம் இரண்டு பேருக்கு மூட்டுவலி என்பதால் பம்பை வழியாகப் போயிருந்தோம். போனில் டவர் இல்லை. விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, காலையில் என் குரல் கேட்டதும் ஒன்றும் பேசாமல் போனை மகன் கையில் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகுதான் கேரள உயர் நீதிமன்றம் நேராகக் கேட்டது: அது மனிதர் ஏற்றுவதா? மனிதர் ஏற்றுவதுதான் என்று தேவஸ்வம் போர்டு ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷமும் கூட்டம் வந்தது.

இப்போது மாலை போடும் அன்றே கன்னிச்சாமிகளிடம் சொல்லிவிடுகிறேன். மேலே தெரிவது நட்சத்திரம், மேட்டில் எரிவது விளக்கு, இரண்டையும் கும்பிடுங்கள், பார்ப்பதற்காக மரத்தில் ஏறாதீர்கள், எரிந்து முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். இதுவரை ஒருவரும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை.

தேவஸ்வம் போர்டாருக்கு ஒரு விண்ணப்பம். தீபாராதனைக்கு முன்னால், இன்று மேட்டில் விளக்கேற்றப் போகிறவர் இன்னார் என்று மைக்கில் ஒரு வரி சொல்லுங்கள். கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளைகளின் பேரை அதே மைக்கில் மொழி மொழியாகச் சொல்கிறீர்கள். அதோடு இதையும் சேர்த்துச் சொல்லலாம்.