பார்க்கமாட்டேன் என்று சொல்லும் காவல்

கொல்லிமலைக்குக் காவலாக ஒரு பாவை நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது தமிழில் சங்க காலத்திலிருந்தே பேசப்படும் செய்தி. நற்றிணை அதைப் பூதம் செய்துவைத்த உருவம் என்கிறது. சூறைக்காற்று அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அதன் அழகு குலையாதாம். பின்னால் வந்த கதைகள் பாவைக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்தன. கெட்ட எண்ணத்தோடு மலையேறுகிறவனைப் பார்த்து அது சிரிக்கும். மயங்கி நெருங்கினால் அவன் கதை முடிந்தது. இன்று காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகிறவர்கள் எட்டுக்கை அம்மன் கோயிலில் கும்பிடுவது அந்தப் பாவையைத்தான் என்று மலையில் பலர் நம்புகிறார்கள்.

இந்தக் காவலாளிக்குச் சம்பளம் இல்லை, முதலாளி இல்லை. வருகிறவன் யார், எதற்கு வருகிறான் என்பது அதற்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை யாரிடமும் போய் விற்காது.

கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் விபிஎன் செயலிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் ஏறக்குறைய இதுவே. உங்களைக் காக்கிறோம், நீங்கள் போகும் இடத்தைப் பதிந்து வைப்பதில்லை என்பது அவற்றின் விளம்பரம். எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர் 'பார்க்கமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால், அதை எதைக் கொண்டு ஏற்பது? இந்தக் கேள்வி கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே சமயவாதிகளிடமும் தத்துவவாதிகளிடமும் இருந்தது.

முதலில் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். கொல்லிமலையின் செம்மேட்டில் ஒருவர் ஜியோவிலோ பிஎஸ்என்எல்லிலோ இணையத்தைத் திறந்தால், அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். தளத்துக்குள் என்ன படிக்கிறார், என்ன கடவுச்சொல் இடுகிறார் என்பது பெரும்பாலும் தெரியாது. பூட்டுச் சின்னம் உள்ள தளங்கள் அதை மறையீடு செய்துவிடுகின்றன. விபிஎன்னைப் போட்டுக்கொண்டால் போக்குவரத்து முழுவதும் மறையீட்டோடு விபிஎன் நிறுவனத்தின் வழங்கி வழியாகப் போகும். தளத்தின் பெயரும் ஜியோவின் பார்வையிலிருந்து மறையும். ஆனால் அதே பெயர் அந்த வழங்கிக்குத் தெரிய ஆரம்பிக்கும். ரகசியம் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தனியுரிமை என்று விற்பதில் விளம்பரத் துறையின் சாமர்த்தியம் நிறைய இருக்கிறது.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். வேதாந்தத்தில் 'சாட்சி' என்ற கருத்து உண்டு. சாட்சி எல்லாவற்றையும் பார்க்கும், எதிலும் ஒட்டாது. வழிபாட்டிலும் இதன் சாயல் இருக்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மக்கள் தங்கள் குறையைப் பிராதாக எழுதிக் கட்டுகிறார்கள். ஏமாந்த கடன், களவு போன நகை, வீட்டுக்குள் நடக்கும் சண்டை என்று காவல் நிலையத்தில் வாய் திறக்கத் தயங்குகிற விஷயமும் அந்தத் தாளில் இருக்கும். சாமியிடம் ஏன் தயக்கம் இல்லை? அந்தத் தாளை வைத்துக்கொண்டு சாமிக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. பற்றில்லாத ஒருவரிடம் ரகசியம் சொல்வதில் ஆபத்து இல்லை என்பது பக்தரின் கணக்கு. அந்தக் கணக்கை, பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஒரு நிறுவனத்துக்கும் நீட்டுவதுதான் பிழை.

நீட்டியவர்கள் பட்டதற்குச் சான்றுகள் உண்டு. ஃபேஸ்புக் 2013-இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் விபிஎன் செயலியின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருந்தது. மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் அதன் வழியாக ஃபேஸ்புக்குக்குப் போனது. இதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023 ஜூலையில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020-இல் யுஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட ஏழு செயலிகளின் பயனர் தரவு இணையத்தில் திறந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எதையும் பதிவதில்லை என்று சொன்ன செயலிகள் அவை. கிடைத்த குவியலின் அளவு 1.2 டெராபைட்.

இவற்றைவிடச் சிக்கலானது பியூர்விபிஎன் விவகாரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவர், முன்பு தன்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த பெண்ணை விபிஎன்னுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நெடுநாள் இணையத்தில் வதைத்தார். 2017 அக்டோபரில் அவர் கைதானார். அவருடைய கணக்கு எந்த முகவரிகளிலிருந்து இணைந்தது என்ற பதிவை பியூர்விபிஎன் அளித்திருந்தது. அது அவர் வீட்டையும் வேலையிடத்தையும் காட்டிக்கொடுத்தது. 'பதிவு வைப்பதில்லை' என்று விளம்பரம் செய்த நிறுவனம் அது. அவர் என்ன பார்த்தார் என்பதைப் பதியவில்லை, எங்கிருந்து வந்தார் என்பதைத்தான் பதிந்தோம் என்று பிறகு விளக்கம் சொன்னது. குற்றவாளிக்கு 17 ஆண்டு 6 மாதச் சிறை கிடைத்தது.

அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்க்கும் எவரும் பியூர்விபிஎன்னைக் குறைசொல்ல மாட்டார்கள். நன்மை தரும் பொய்க்கு இடம் கொடுத்த வள்ளுவரைக்கூடத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் வள்ளுவர் இங்கே உதவமாட்டார். 'பதிவு வைப்பதில்லை' என்ற பொய் குற்றவாளியைப் பிடிப்பதற்காகச் சொல்லப்பட்டதில்லை. வியாபாரத்துக்காக, எல்லா வாடிக்கையாளரிடமும், முன்கூட்டியே சொல்லப்பட்டது. சட்டத்தோடு ஒத்துழைத்தது சரி. ஒத்துழைக்கவே முடியாது என்பது போல விற்றது தவறு. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

வாக்கை நம்புவதில் இன்னொரு தொல்லை, வாக்குக் கொடுத்தவரே நாளைக்கு இல்லாமல் போகலாம். கொல்லிமலைக்கு இது புதிதல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. பாவை நின்ற இடத்திலேயே நின்றது. மலை கை மாறிவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் 2021-இல் 93.6 கோடி டாலருக்கு கேப் டெக்னாலஜீஸ் நிறுவனத்திடம் போயிற்று. கேப் முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் இயங்கியபோது, அதன் தளத்தை உலாவிகளில் விளம்பரம் திணிக்கும் மென்பொருள்காரர்கள் பயன்படுத்தினார்கள். பழைய நிர்வாகத்தின் நேர்மையை நம்பிச் சந்தா கட்டியவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இந்திய அரசும் இந்த வாக்கைச் சோதித்தது. சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்காக விபிஎன் வாங்கினார் என்பது உட்படப் பல விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை தங்கள் வழங்கிகளை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. வாக்கைக் காப்பாற்றினார்கள் என்று இதைப் பாராட்டலாம், பாராட்டவும் வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்த நாட்டில், மறைத்துப் பேச நினைப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் பட்டியல் போடச் சொல்வது அளவு மீறிய ஆணைதான். ஆனாலும் எக்ஸ்பிரஸ்விபிஎன் பதிவாகியிருப்பது பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், நார்ட்விபிஎன் பனாமாவில். நாளைக்கு ஏமாற்றினால், மிளகு விற்ற காசில் சந்தா கட்டிய கொல்லிமலைக்காரர் எந்த ஊர் நீதிமன்றத்தின் படியேறுவார்?

அப்படியானால் விபிஎன்னே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது, தமிழரும் சிங்களவரும் விபிஎன் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, தானே விபிஎன்னில் இருந்துகொண்டு இந்தத் தடை பயனற்றது என்று ட்விட்டரில் எழுதினார். தடைபோட்ட அரசின் அமைச்சரே தடையைத் தாண்டி வந்து சொன்ன சாட்சியம்! அப்படிப்பட்ட ஒரு நாளில், எங்கோ இருக்கும் நிறுவனம் தன் பயணத்தைப் பார்க்கிறதே என்ற கவலை இரண்டாம் பட்சம்தான். யாரிடமிருந்து மறைகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யாரை நம்பலாம் என்பதும் அமையும்.

நம்பத் தகுந்த விபிஎன் என்று ஒன்று இருந்தால், அது பாவைக்குப் பக்கத்தில் வரவேண்டும்: விற்பதற்குக் கையில் எதுவும் இல்லாததாக. சுவீடனின் முல்வாட் அந்த வழியில் போகிறது. மின்னஞ்சல் கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. ஒரு கணக்கு எண் தருகிறது, உறையில் ரொக்கம் போட்டு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறது. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் காவல்துறை சோதனை ஆணையோடு அதன் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குப் போனது. வாடிக்கையாளர் தரவு எங்களிடம் இல்லை என்று நிறுவனம் விளக்க, வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். டோர் வலையமைப்பு இன்னும் ஒரு படி மேலே. மூன்று கணினிகளின் வழியாகப் போக்குவரத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தி அனுப்புவதால், புறப்பட்டவர் யார், போன இடம் எது என்ற இரண்டும் எந்த ஒரு கணினிக்கும் சேர்ந்து தெரியாது. வேகம் குறையும், படம் பார்க்க உதவாது. அதனால்தானோ என்னவோ, அதற்கு யூடியூபில் விளம்பரம் வருவதில்லை.

ஆகவே, வணிக விபிஎன்களை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டால் நம்பக் கூடாது. தனித்தனியாகச் சிலவற்றை, சோதனையில் தேறிய அளவுக்கு, தேறிய காலம் வரைக்கும் நம்பலாம். வங்கிக் கணக்கு பார்க்கவும் பேருந்துச் சீட்டு எடுக்கவும் விபிஎன் தேவையே இல்லை. இலவசமாக இறக்கிய ஒன்று கைப்பேசியில் இருந்தால், அதன் முதலாளி யார், எந்த நாட்டில் பதிவானது, வெளியாள் யாராவது தணிக்கை செய்தாரா என்று தேடிப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.