புலிக்கால் கேட்ட முனிவரும் நம் முழங்கால் வலியும்!

கோயிலுக்குப் போனால் நாம் என்னவெல்லாம் வேண்டுகிறோம்? மகளுக்கு நல்ல வரன், மகனுக்கு வேலை, கணவருக்கு ஆரோக்கியம்... பட்டியல் நீளும். அதில், 'என் கால்களுக்குப் பலம் கொடு சாமி' என்று நமக்காக ஒரு வேண்டுதல் இருந்திருக்கிறதா, வாசகியரே?

அப்படி வேண்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு முனிவர்!

தில்லை வனத்தில் தவம் செய்த அவர், தினமும் பூப்பறித்து ஈசனுக்குச் சாற்றி வந்தார். பொழுது விடிந்துவிட்டால் வண்டுகள் வந்து தேன் குடித்துவிடும், பூ எச்சிலாகிவிடும். விடியும் முன்பே பறிக்கலாம் என்றால், இருட்டில் கண் தெரியாது. பனியில் நனைந்த மரமோ வழுக்கும். எனவே, மரம் ஏறப் புலியின் கால்களும், இருளில் பார்க்கப் புலியின் கண்களும் வேண்டும் என்று இறைவனிடம் கேட்டார். கேட்டபடியே கிடைத்தது. வியாக்ரபாதர், அதாவது புலிக்கால் முனிவர் ஆனார்.

அவர் வழிபட்டதால்தான் சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். கடலூரில் பாடலீஸ்வரர் அருளும் தலமும், தல விருட்சமான பாதிரியையும் இந்தப் புலிக்கால் முனிவரையும் சேர்த்தே திருப்பாதிரிப்புலியூர் என்று வழங்கப்படுகிறது.

அந்த முனிவர் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. பூப்பறிக்கத் தெம்பான கால்களைக் கேட்டார். தொண்டு செய்ய உடம்பு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது!

நமக்கு..?

நாற்பத்தைந்தைத் தாண்டும்போது, மாதவிலக்கு நிற்கும் காலத்தில், ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குறைகிறது. அதனால் எலும்பின் உறுதி குறைகிறது. வயது ஏற ஏறத் தசைகளின் பலமும் குறைகிறது. மார்கழியில் குனிந்து பெரிய கோலம் போட முடியவில்லை. சந்நிதியில் விழுந்து நமஸ்கரித்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. 'தினமும் நடங்கம்மா' என்கிறார் டாக்டர். நான்கு நாள் நடக்கிறோம். ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறோம். ஏன்? கால் ஒத்துழைத்தாலும் மனம் ஒத்துழைப்பதில்லை!

'இந்த வயசில் இதெல்லாம் எதற்கு? நாலு பேர் பார்த்தால் சிரிக்க மாட்டார்களா?' என்பது நம்மைத் தடுக்கும் முதல் நினைப்பு. அடுத்த முறை சிதம்பரம் போனால், கோபுர வாசலில் சற்று நின்று இரு பக்கச் சுவர்களையும் பாருங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களும் அங்கே சிற்பங்களாக இருக்கின்றன. ஆடுபவள் ஒரு பெண்! முழங்காலை மடக்கி, காலை உயர்த்தி, இடுப்பை வளைத்து... பெண்ணின் உடல் அசைவைக் கோயில் வாசலிலேயே கொண்டாடிய மண் இது. நாம் வீதியில் நான்கு எட்டு வேகமாக நடப்பதற்கா வெட்கப்படுவது?

'எனக்காக அரை மணி நேரமா? அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாமே' என்பது அடுத்த நினைப்பு. இதற்கு அப்பர் பெருமானே பதில். கடலூர் மாவட்டத் திருவாமூரில் அவதரித்தவர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர். பதிகம் பாடியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. உழவாரப் படையை ஏந்தி, கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு. உடம்பால் செய்யும் தொண்டும் வழிபாடே என்று வாழ்ந்து காட்டியவர் அவர். அப்படியானால், அந்த உடம்பைப் பேணும் அரை மணி நேரமும் வழிபாட்டுக்கான ஏற்பாடுதானே!

'நானும்தான் நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே' என்பீர்கள். உண்மை, அதுவும் உடலுழைப்புதான். ஆனால் அடுப்படியில் நின்றும், இடையிடையே ஓடியும் செய்கிற வேலையில், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தேவையான தொடர்ந்த அசைவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் 30 நிமிடமாக ஐந்து நாள், அவ்வளவுதான். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். எனவே தேவாரத்தை வீட்டில் பாடுங்கள்; நடக்கும்போது மனதுக்குள் பஞ்சாட்சரம் போதும்! அத்துடன் வாரம் இரு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். தொடைத் தசைகள் வலுவாகும். நமஸ்கரித்து எழ அதுவே துணை.

'குண்டாகிவிட்டேனே' என்ற வெறுப்போடு செய்வது இன்னொரு தடை. எடை இறங்கவில்லை என்றதும் மனம் உடைந்துபோகும். எடை குறைகிறதோ இல்லையோ, நடக்க நடக்க ரத்தச் சர்க்கரை கட்டுப்படவும், நல்ல தூக்கம் வரவும் உதவும். உடம்பைத் தண்டிக்க நடக்காதீர்கள். அதற்கு நன்றி சொல்ல நடங்கள். பிள்ளைகளைச் சுமந்த உடம்பு அல்லவா, குடும்பத்தையே தாங்கிய உடம்பு அல்லவா!

நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால்? ஊருக்குப் போய்விட்டு வந்தால், 'விளக்கேற்றுவது விட்டுப்போச்சு, இனி வேண்டாம்' என்றா இருக்கிறோம்? திரும்பி வந்ததும் திரியைத் திரித்து ஏற்றுகிறோம். இதுவும் அப்படித்தான்.

கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. சிதம்பரத்தில் நடராஜரின் தேர் ஓடும் நான்கு வீதிகள் இருக்கின்றன. அதிகாலையில் ஒரு சுற்று வாருங்கள். உங்கள் ஊரிலும் ஒரு கோயில் வீதி இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெயிலில் சுட்ட கல்தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீதியில் பொருத்தமான காலணியோடு நடங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், கடுமையான மூட்டு வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

தூக்கிய திருவடியோடு ஆடுகிறான் தில்லைக் கூத்தன். அவன் அருகில் கைகூப்பி நிற்கிறார், கால் கேட்டுப் பெற்ற முனிவர். அடுத்த முறை அந்தச் சந்நிதியில் நிற்கும்போது, உங்கள் வேண்டுதல் பட்டியலில் உங்கள் கால்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு, மறுநாள் காலையே நடக்கத் தொடங்குங்கள். அம்பலவன் துணையிருப்பான்!