தோட்டத்தின் பெயரைச் சுமக்கும் பள்ளிகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மறைந்துபோன ஊர்களைத் தேடுகிறவர், தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே போதும். பண்டார் உத்தாமாவில் எபிங்காம், சுபாங் ஜெயாவில் சீபீல்டு, ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், எமரால்டு, கிள்ளானில் ஹைலண்ட்ஸ், வல்லம்புரோசா. எல்லாம் வெள்ளைக்காரர் காலத்து ரப்பர்த் தோட்டங்கள். 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்ததே எபிங்காம் தோட்ட நிலத்தில்தான். சீபீல்டு தோட்டம்தான் பின்னாளில் சுபாங் ஜெயா ஆனது.

தோட்டம் என்றால் வெறும் மரங்களா? லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, சுடுகாடு எல்லாம் சேர்ந்த ஊர் அது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது லயங்கள் இடிபட்டன, குடும்பங்கள் சிதறின. பல இடங்களில் எஞ்சியது பள்ளியும் அதன் பெயரும்தான். அந்த ஊர்களுக்குச் சாலையோர நினைவுப்பலகை என்று ஒன்று இருக்குமானால் அது இந்தப் பள்ளிப் பலகைதான்.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லவே நம்மில் பலர் கூசுகிறோம். ‘தோட்டக்காட்டான்’ என்ற வசை நம்மவர் வாயிலேயே புழங்கியது. பட்டணத்துக்கு வந்து படித்து வேலை தேடிக்கொண்டவர்கள், எந்தத் தோட்டம் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றினார்கள். எங்கிருந்து வந்தோம் என்பதை மறைத்தால்தான் முன்னேற முடியுமா? பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி விலகுவதே இல்லை.

என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றது, காண்டா என்னும் தோள்தடியில் பால் வாளி சுமந்தது எல்லாவற்றையும் வருத்தமில்லாமல் சொல்வார். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கடினமாகும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அந்த வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவையும் கேட்கப்பட்டன. முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுடப்பட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். தலை நிமிர்ந்து சைக்கிள் ஓட்டும் உரிமைக்காக உயிர் கொடுத்தவர்களின் வழிவந்த நாம் எதற்காக வெட்கப்பட வேண்டும்?

புத்ராஜெயாவுக்குப் போகும்போது நம் மக்கள் மறக்கப்பட்டது இன்னும் உறைக்கிறது. அங்கே முன்பு இருந்தது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய அந்தத் தோட்டத்துக்குத் தங்கள் போரின் நினைவாகவே ‘பெரும் போர்’ என்று மலாயில் பெயரிட்டார்கள். அங்கே உருவாக்கப்பட்ட ரப்பர் வகைகள் உலகெங்கும் பரவின. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பிபி 86, பிபி 260 என்று விவசாயிகள் சொல்லும் மரங்களில் ‘பிபி’ என்பது பிராங் பெசார்தான். ஆண்டைகளின் போருக்குத் தோட்டத்தின் பெயரில் இடம் கிடைத்தது, மரத்துக்கு உலகப் புகழ் கிடைத்தது. அந்த மரங்களை வளர்த்துப் பால் எடுத்தவர்களின் பெயர் எதிலும் ஏறவில்லை. 1990களில் நிர்வாகத் தலைநகரத் திட்டம் வந்தபோது பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்களும் டெங்கிலின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன.

மறைந்த ஊருக்கு நாம் பட்டிருக்கும் கடன் கல்வெட்டு வைப்பதோடு தீராது. கல்வெட்டு வைப்பவர் தமக்கு வேண்டியதைத்தான் எழுதுவார். ஆங்கிலேய முதலாளி விட்டுச்சென்ற பெயருக்குள் நம் மக்களின் கதையை நிரப்புவது நம் வேலை. பள்ளியின் பெயரிலிருந்து ‘தோட்டம்’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று பெற்றோர் பேசும்போது, வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அங்கே யார் உழைத்தார்கள், எதற்காகப் போராடினார்கள் என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்ல வேண்டும். லயத்தில் பிறந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க அரசாங்க அனுமதியோ மானியமோ தேவையில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான், அதுவும் அவர்கள் இருக்கும்போதே.