நெடுந்தூர ஓட்டமும் கடன்பெற்ற ஊக்கமும்

நெடுந்தூரம் ஓட முற்படும் ஒருவர், உடலின் எல்லையையே சோதித்த வீரரிடமிருந்து தமக்கான ஊக்கத்தைப் பெறலாமா? வல்லாரைக் கண்டு வலிமை பெறுதல் இயல்புதானே என்பர் பலர். ஆயின், வன்னி மண்ணில் நின்று வினவும்போது விடை அத்துணை எளிதாக அமைவதில்லை.

ஈழத்தமிழர் இவ்வகையில் முதலில் நினைவுகூர்பவர் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன். 1971இல் அவர் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, மீண்டும் நீந்தியே திரும்பினார். இதற்கு 51 மணித்தியாலங்கள் சென்றன. 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணித்தியாலங்களுக்கு மேல் சைக்கிள் ஓட்டினார்.

இத்தகையோரைப் போற்றுவதில் ஓர் இடர் உண்டு. ‘அவர் பிறவியே வேறு’ என்று கூறிவிட்டால் நமக்கெனச் செய்வதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. வியப்பு, சோம்பலுக்கு நல்லதொரு போர்வை. 2023இல் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், தமது 72ஆம் வயதில் தங்கம் வென்ற முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மையார் அப்போர்வையைப் பறித்துவிடுகிறார். அவர் ஓடும் மண்ணிலேயே நாமும் ஓடுகிறோம். அவரைச் சுட்ட வெயிலே நம்மையும் சுடுகிறது. தொலைவிலுள்ள பெரும்பெயரைவிட அயலூர்ப் பெயரே மாணவரை அதிகாலையில் படுக்கையினின்று எழுப்பும் என்பது என் துணிபு.

ஆயினும் வன்னியில் எழும் வினா இதனினும் ஆழமானது. 2008இன் பிற்பகுதி முதல் 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். முதியோரும் நோயாளரும் கைக்குழந்தை ஏந்திய தாயரும் அவர்களுள் இருந்தனர். அவர்களது தாங்குதிறன் எந்த வீரருடையதற்கும் குறைந்ததன்று. எனினும் அதனைச் சாதனை எனப் புகழ நா கூசுகிறது. அன்று பெற்றோரின் கைபற்றி நடந்த சிறுவருட் சிலர் இன்று வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பயில்கின்றனர். துன்பத்தைத் தாங்குதலே மேன்மை என்று அவர்களிடம் எம்முகத்துடன் உரைப்பது?

வேறுபாடு துன்பத்தின் அளவில் இல்லை. நிறுத்தும் உரிமையில் உள்ளது. சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமம் செல்லும் பாத யாத்திரிகரும் கால் கொப்புளிக்கவே நடக்கின்றனர். ஆனால் வழியில் ஒரு மரநிழலில் அமர்ந்து, ‘இனி இயலாது’ என்று அவர்களாற் கூற முடியும். ஓடுபவருக்கும் அவ்வுரிமை உண்டு. நிறுத்தக்கூடியதை நிறுத்தாமற் செல்வதனாலேயே அவரது ஓட்டம் அவருடையதாகிறது. அந்த உரிமையை இழந்தவரது நடையை ஓட்டப் பயிற்சிக்கு உவமையாக்குவது, அறியாது செய்யினும் அறமாகாது. மேடைப் பேச்சாளர் சிலருக்கு இது விளங்குவதில்லை.

இந்நோக்கிற் பார்க்கையில், ஆனந்தனின் வாழ்வு நமக்கு ஊக்கத்துடன் ஓர் அச்சத்தையும் தருகிறது. 1984 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அவர் உயிரிழந்தார். நிறுத்தும் உரிமை அவரிடம் இறுதிவரை இருந்ததா, அன்றி முந்திய சாதனைகளே அதனை அவரிடமிருந்து பறித்துவிட்டனவா? புகழும் ஒரு வகைக் கட்டாயமே. அவருடைய மணிக்கணக்கை மனனஞ் செய்யும் மாணவர் இவ்வினாவையும் உடன்கொண்டே இரணைமடு அணைக்கட்டில் ஓடுதல் வேண்டும். அன்று அவர் பாதி வழியிற் படகேறியிருப்பினும், 1971இல் நீந்திய தூரத்தில் ஓர் அடியேனும் குறைந்திராது.