கண்ணுக்கு முன் கோல் தந்த கருணை

சிவமயம்

திருவிழாக் காலத்திலே ஆலய வீதியை வலம்வரும் முதியோர் சிலரைப் பற்றி ஊரிலே ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. "நேரே பாத்தும் கதையாமல் போறார், பெருமை வந்திட்டுது" என்பார்கள். படி பார்த்து இறங்குகிறவருக்கு, வெள்ளவாய்க்காலைத் தாண்டுகிறவருக்கு, எதிரே நிற்கும் மச்சானைத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்? ஆயினும் அஃது உண்மையாக இருக்கலாம்.

விழித்திரையின் நடுவிலே மஞ்சட் பொட்டு என்னும் சிறிய இடம் உண்டு. முகத்தை அடையாளங் காண்பதும், எழுத்து வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதனாலேயே. வயது முதிர்ந்தோரிற் சிலருக்கு இவ்விடம் பழுதடைகிறது. அப்போது பார்வையின் நடுப்பகுதி மங்கும். ஓரப் பார்வை எஞ்சியிருக்கும். வீதி தெரியும், வீதியில் நிற்பவர் முகம் தெரியாது. கோபுரம் தெரியும், மூலவரின் திருமுகம் தெரியாது. தீபாராதனை வேளையிலே, காலமெல்லாம் பார்த்துப் பழகிய திருமுகம் இருந்த இடத்தில் ஒரு நிழலை மட்டுங் காணும் அடியாரின் துயரம் சொல்லுந் தரமன்று. சிலர் வெட்கத்தால் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர்.

சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கியபோது இரு கண்ணும் இழந்தார். இறைவன் திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் அருளினான். பின்பு காஞ்சியிலே இடக்கண்ணும், திருவாரூரிலே வலக்கண்ணும் அருளினான். கண்ணுக்கு முன் கோல் வந்ததை அடியார்கள் சிந்தித்தல் வேண்டும். பிறவியிலேயே கண் தெரியாத தண்டியடிகள் நாயனாரோ, திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டத் தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். தொண்டு முன்னர், கண் பெற்றது பின்னர். எனவே கண் மங்கிய முதியவரைக் கண்டு "வினைப்பயன்" என்று சொல்லி ஒதுங்குவது அடியார்க்கு அழகன்று. அவருக்குக் கோலும் கயிறுமாக நிற்பதே அழகு.

முதற்கோல் வைத்தியம். இந்நோய் கண்புரையன்று, புதுக் கண்ணாடியால் தீருவதுமன்று. கதவுநிலையோ ஜன்னற் கம்பியோ வளைந்து தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் பார்த்தால் வேற்றுமை தெரியும். தாமதியாது கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். விழித்திரையின் அடியில் இரத்தக்குழாய் கசியும் வகையினருக்கு, 2006ஆம் ஆண்டளவில் வந்த ஊசிமருந்துகள் காலத்தோடு ஏற்றினால் பெரிதும் உதவுகின்றன. சுருட்டும் சிகரெட்டும் இந்நோய்க்கு உரம் போடுவன.

இரண்டாவது கோல் வீடு. வெள்ளைக் கோப்பையிலே சோறு தெரியாது; வாழையிலையிலே பளிச்சென்று தெரியும். படி விளிம்பிலே பளிச்சென்ற நிறத்தில் ஒரு கோடு பூசலாம். பொருள்களை வைத்த இடம் மாற்றாதிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இவர்களிற் சிலருக்கு இல்லாத ஆட்களும் பூக்களும் கண்முன் தோன்றுவதுண்டு. அது பேயுமன்று, புத்திபேதலிப்புமன்று. சுவிற்சர்லாந்து அறிஞர் சார்ள்ஸ் பொனே தம் பாட்டனாரிடம் கண்டு 1760இல் எழுதிவைத்தது இது. காட்சி வராத இடத்தை மூளை தானே நிரப்பிக் கொள்கிறது. நூல் கட்டுவதோடு நில்லாமல் வைத்தியரிடமும் சொல்லுதல் நன்று.

மூன்றாவது கோல் ஊர். "நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று முதியவரைச் சோதித்தல் வேண்டாம். "ஐயா, நான் இன்னார்" என்று முந்திச் சொல்வதே மரியாதை. ஆலய வாசலிலே செருப்புகளைக் குவியாது ஓரமாக விடுவதும் ஒரு திருத்தொண்டே.

கண் மங்கிய அடியாருக்கும் ஒரு சொல். திருமுகத்தை நேரே நோக்காது, சற்று மேலே திருவாசியை நோக்கினால், ஓரப் பார்வையிலே திருமுகம் ஓரளவு துலங்கக்கூடும். எப்பக்கம் பொருந்தும் என்பது ஆளுக்காள் வேறுபடும், பழகிக் கண்டுகொள்ளலாம். துலங்காவிட்டாலும் வருதலை விடவேண்டாம். அடியவர் தன்னைக் காணாத போதும் ஆண்டவன் அடியவரைக் காண்கிறான்.

வருகிற திருவிழாவிலே யாரேனும் கதையாமற் கடந்து போனால், முகங் கோணாது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்தக் குரலே அவருக்குத் திருவெண்பாக்கத்துக் கோல்.

சுபம்.