கொங்கு நாட்டு உருவாரங்கள்

உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டியில் உள்ள ஆல்கொண்டமால் கோவிலில் பொங்கலை ஒட்டித் திருவிழா நடக்கும். மாடு வளர்ப்போர் கறந்த பாலோடு மண்ணால் செய்த மாடும் கன்றும் கொண்டுவந்து வைப்பார்கள். இவையே உருவாரங்கள். மாடு நோயில் படுத்தாலோ கன்று தங்காமல் போனாலோ 'உருவாரம் வைக்கிறேன் சாமி' என்று நேர்ந்துகொள்வது கொங்கு வழக்கம். பிள்ளை வரம் கேட்போர் குழந்தை உருவம் வைப்பதும் உண்டு.

செய்பவர்கள் குயவர்கள், பூளவாடி இதற்குப் பெயர்போன ஊர். உருவத்தின் உள்ளே கூடாக விட்டு, காற்றுப் போக ஒரு துளையும் வைப்பார்கள். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். சுட்டபின் வண்ணம் பூசுவார்கள். அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, கொம்பும் திமிலும் தெரிந்தால் போதும். சாமிக்குப் புரியும்.

இது உருவ வழிபாடா? கல்லில் கடவுளைத் தேடுவோரைச் சித்தர் சிவவாக்கியர் கடுமையாகச் சாடினார். அந்தச் சாட்டை இதன்மேல் விழாது. நேர்த்திக்கு வைத்த மண்மாட்டை யாரும் கும்பிடுவதில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஸ்பானிய வழிக் கத்தோலிக்கர்கள் மரத்தில் செதுக்கும் புனிதர் சிலைகளை இதனோடு ஒப்பிடலாம். அவை வேண்டுதலைக் கேட்கும் பக்கத்தில் நிற்பவை. சிலைக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கும் புனிதரையே சேரும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் விளக்கம் சொன்னது. வீடுகளில் நடப்பது வேறு: கேட்டது கிடைக்கும்வரை புனித அந்தோணியார் சிலையைச் சுவர் பார்க்கத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த மரத்தில் ஆள் இருக்கிறார். உருவாரத்தில் இருப்பதோ சாமி அல்ல, வேண்டப்பட்ட பொருள். 'இந்த மாட்டைப் பார்த்துக்கொள்' என்று சாமிக்குச் சுட்டிக்காட்டுவதே அதன் வேலை.

வைத்தபின் நடப்பதும் அப்படியே. மரப் புனிதர் பழுதானால் வண்ணம் புதுக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். கருவறைச் சிலை பின்னப்பட்டால் ஊரே கலங்கும். உருவாரம் வெயிலிலும் மழையிலும் கிடந்து உடையும்; அதைக் குற்றமாக யாரும் நினைப்பதில்லை. வேண்டுதல் நிறைவேறியதும் அதன் வேலை முடிந்தது.

ஆனால் காணிக்கைக்கும் கும்பிடும் உருவத்துக்கும் இடையிலான இந்தக் கோடு எல்லா இடத்திலும் நேராக ஓடுவதில்லை. அய்யனாருக்கும் கருப்பனுக்கும் நேர்ந்து செய்யும் பெரிய மண்குதிரைகளும் காணிக்கைதான். ஆனால் அவற்றுக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு. கண் திறந்தபின் குதிரை சாமியின் வாகனம். மாலை போட்டு, கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறார்கள். கண் திறப்பவர், பெரும்பாலும், அதைச் செய்த குயவரே.